பத்து கிலோ ஓம்

பதினோரு வருடம் பாயான் லெப்பாஸ் கிலாங்கில்
இந்தப் பூச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
மூன்று கால், கறுப்பு உடம்பு,
முதுகில் ஓட்டை போட்ட தகரம்.
நல்லது நீலத் தட்டில், கெட்டது சிவப்புத் தட்டில்.
ஒரு சிப்டுக்கு எத்தனை ஆயிரம் என்பது மிஸ் ஊய்க்குத் தெரியும்.
எனக்குக் கழுத்து வலி தெரியும்.
இவையெல்லாம் எங்கே போகின்றன என்று
யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்போது ஒன்று ஆயர் ஈத்தாமில்,
பதினான்காவது மாடியில், என் சாப்பாட்டு மேசையில்.
நாலு வெள்ளி ஐம்பது காசு.
திருடவில்லை.
தினமும் கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான்
நாங்கள் வீட்டுக்கு வருகிறோம்.

குணாளனின் பலூன் கடைத் துப்பாக்கி
மூன்றாம் முறை செத்துப்போயிருந்தது.
வெள்ளிக்கிழமை பாசார் மாலாமில்
ஒரு சீனப் பையன் விசையை இழுக்க இழுக்க
உள்ளே நீலப் பொறி, கருகல் வாடை.
ஒரு பிளாஸ்டிக் குண்டுகூட வெளியே வரவில்லையாம்.
பையனின் அப்பா காசைத் திருப்பிக் கேட்டாராம்.
இதை என்னிடம் சொன்னபோது
அந்த அப்பாவின் குரலிலேயே சொன்னார்.

பிரித்தேன்.
விசைக்கடியில் இரண்டு செப்புத் தகடு,
அடுப்பில் மறந்த அப்பளம்போல் ஓரம் கறுத்து.
பேட்டரியின் மூர்க்கம் முழுவதும்
இந்த இரண்டைத் தாண்டித்தான் மோட்டாருக்குப் போக வேண்டும்,
ஒவ்வொரு தடவையும்.
யாராயிருந்தாலும் கருகத்தான் செய்வார்கள்.

நைலக்ஸை மாற்றிப் பருத்தி நைட்டி.
மணிக்கட்டுப் பட்டை இங்கே ஏது,
தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தேன்.
சிவப்பு வயர் நேரே மோட்டாருக்கு.
மோட்டாரின் மறுமுனை நடுக்காலுக்கு,
மூன்றாம் கால் பேட்டரியின் கறுப்புக்கு.
மோட்டார் நிற்கும்போது ஓர் உதை உதைக்கும்,
அதைத் தாங்க ஒரு டயோடு குறுக்கே.
முதல் காலுக்கும் கேட் என்றுதான் பெயர்.
விசையிலிருந்து நூறு ஓம் வழியாக
ஒரு முணுமுணுப்பு அங்கே வந்தால் போதும்.
சுமப்பதை மற்ற இரண்டு காலும் பார்த்துக்கொள்ளும்.

விசையைத் தொட்டேன். சீறியது.
விரலை எடுத்தேன்.
நிற்கவில்லை.

மைலோ டின், நாட்காட்டியின் முருகன்,
ரைஸ் குக்கரின் மூடி,
எல்லாவற்றின் மேலும் வெள்ளைக் குண்டு தெறிக்க
நான் மேசைக்கடியில் இருந்தேன்,
கையில் சால்டரிங் அயர்னுடன்.
பேட்டரியைப் பிடுங்கிய பிறகுதான் அமைதி.

அப்புறம் புரிந்தது.
கேட் கடைசியாகக் கேட்டதையே பிடித்துக்கொண்டிருக்கிறது.
சொன்னவர் விரலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்,
இதனிடம் யாரும் வந்து
முடிந்தது என்று சொல்லவில்லை.

‘தட்டுல பொறுக்கிப் போடுறவளுக்கு
இதெல்லாம் என்னா தெரியும்?’
அவர் அக்காள் வீட்டு வளைகாப்பில், எல்லோர் முன்னாலும்.
ஆறு வருடம் இருக்கும்.
சொல்லிவிட்டு அவர் பாயாசம் குடிக்கப் போனார்.

மேசைக்கடியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கும் ஒரு வழி உண்டு.
கேட்டுக்கும் கறுப்புக்கும் நடுவே
பத்து கிலோ ஓம், அரிசியளவு, பழுப்பு கறுப்பு ஆரஞ்சு.
பிடித்து வைத்திருப்பது அதன் வழியே
சத்தமில்லாமல் கசிந்து இறங்கிவிடும்.
வைத்தேன்.
தொட்டால் சுடுகிறது. விட்டால் அந்தக் கணமே நிற்கிறது.

சனிக்கிழமை கடைக்குப் பின்னால் பலூன் ஊதிக்கொண்டிருந்தேன்.
யாரோ கேட்டார்கள், துப்பாக்கி இவ்வளவு வேகமா?
‘கொம்தாரில் ஒரு கடையில குடுத்தேன்’ என்றார் குணாளன்.
ஊதியதை முடிச்சுப் போட்டேன்.

நூறாக வாங்கினால்தான் தருவேன் என்றிருந்தான்
சாமான் கடை ஆ லெங்.
தொண்ணூற்றொன்பது மிச்சம்.
கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.